சொல் இழந்த பாட்டா? சொல் கடந்த பாட்டா?

தமிழகத்தில் பாட்டு என்றாலே திரைப்பாட்டு என்ற நிலை உருவாகி நெடுங்காலம் ஆயிற்று. கதைக்குத் தேவையான இடத்தில், நாயகனின் வாயசைப்புக்காகப் பிறக்கும் பாட்டே நம் வீடுகளில் காலை முதல் இரவு வரை ஒலிக்கின்றது. தன் உள்ளத்தில் எழுந்ததைத் தானே இயற்றித் தன் பெயராலேயே உலகுக்கு அளிக்கும் கலைஞர் நம்மிடையே அரியவர். அமெரிக்காவில் 1962ஆம் ஆண்டு தம் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் இசைத்தட்டை வெளியிட்ட பாப் டிலான், 2016ஆம் ஆண்டு இலக்கியத்திற்கான நோபல் பரிசே பெற்றார். பாட்டெழுதிப் பாடுபவனைக் கவிஞனாகவே கருதும் வழக்கம் அங்கே வேரூன்றிவிட்டது. இங்கே அத்தகைய முயற்சிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை.

அவற்றுள் தலையாய ஒன்று, 1986ஆம் ஆண்டு இளையராஜா வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்' என்னும் இசைத்தொகுப்பு. 'இதற்கு என்ன பெயரிடுவது?' என்பது தலைப்பின் பொருள். திரைப்படத்திற்கு வெளியே அவர் படைத்த முதல் தொகுப்பு இது. இதனைப் பாராட்டியவர் பலர். எடைபோட்டுப் பார்த்தவர் சிலரே. எடைபோடும் பணியையே இங்கு நாம் மேற்கொள்கிறோம். அதற்கு முதலில் அவர் புறப்பட்டு வந்த மண்ணை நோக்க வேண்டும்.

மதுரை, பாட்டைத் தெருவுக்குக் கொண்டுவந்த ஊர். நாடகங்கள் கோலோச்சிய காலத்தில் மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டுகள் மேடைதோறும் ஒலித்தன. தமிழின் முதல் பேசும் படமான 1931ஆம் ஆண்டின் 'காளிதாஸ்' படத்திற்கும் அவரே பாட்டெழுதினார். மதுரையை அடுத்த திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாததாஸ், புராண நாடகத்தின் நடுவே விடுதலைப் பாட்டைப் பாடிப் பலமுறை சிறை சென்றார். 1940ஆம் ஆண்டின் இறுதி நாளில் சென்னை மேடையொன்றிலேயே உயிர் நீத்தார். அந்த மண்ணில் பாட்டு பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. கூட்டத்தை நோக்கி ஒருவன் நேர்நின்று சொல்லும் செய்தியாகவும் அது இருந்தது.

அந்த மரபின் பிற்கால வாரிசு பாவலர் வரதராசன். இளையராஜாவின் மூத்த சகோதரர். அவர்கள் பிறந்த பண்ணைப்புரம், தேனி தனி மாவட்டமாகப் பிரியும் வரை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. பாவலர் பொதுவுடைமை இயக்கத்தின் மேடைப் பாடகர். தாமே எழுதுவார், தாமே பாடுவார். நாட்டுப்புற மெட்டையும், மக்களுக்குப் பழகிப்போன திரை மெட்டையும் எடுத்துக்கொண்டு, கூலியையும் நிலத்தையும் தேர்தலையும் பற்றிய சொற்களை அவற்றில் ஏற்றுவார். மெட்டு கடன், சொல் சொந்தம். கேட்பவர் மனத்தில் மெட்டு ஏற்கெனவே குடியிருந்தமையால், சொல் தடையின்றி உள்ளே சென்றது.

அந்தச் சொல்லின் ஆற்றலுக்கு 1958ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தல் சான்று. நூலிழைப் பெரும்பான்மையில் நின்றிருந்த இ. எம். எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவைக்கு அது உயிர்நிலையான தேர்தல். தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளரிடையே பாவலர் பாடினார். கட்சியின் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பங்குண்டு என்று இ. எம். எஸ். பாராட்டியதாக இன்றும் சொல்லப்படுகிறது. அக்காலத்தில் பாவலரின் குழுவில் சேர்ந்து, பெண்குரலில் பாட வேண்டிய பகுதிகளைப் பாடிய சிறுவரே, 1943ஆம் ஆண்டு பிறந்த இளையராஜா. ஊர் ஊராகச் சென்று, கூட்டத்தின் முகம் பார்த்துப் பாடிய அந்த ஆண்டுகளே அவருடைய முதற் பள்ளி.

1960களின் இறுதியில் அவர் சென்னை சென்றார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையின் இலக்கணத்தைப் பயின்றார், கிட்டார் வாசிப்பில் இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வில் தேறினார், ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராய்ப் பணியாற்றினார். 1976ஆம் ஆண்டு வெளிவந்த 'அன்னக்கிளி' அவரை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. அடுத்த பத்தாண்டுகளில் நூற்றுக்கணக்கான படங்கள். ஒரு நாளில் ஒரு படத்தின் பாட்டுகளை முடித்துவிட்டு மறுநாள் அடுத்த படத்துக்குச் செல்லும் வேகம். அந்த ஓட்டத்தின் நடுவே, எவர் கட்டளையும் இன்றி அவர் தமக்காகச் செய்துகொண்டதுதான் 1986ஆம் ஆண்டின் தொகுப்பு.

அதனை அவர் இருவருக்குக் காணிக்கையாக்கினார். ஒருவர் ஜெர்மனியில் தேவாலய இசைஞராய் வாழ்ந்த யோகான் செபாஸ்டியன் பாக் (1685–1750). மற்றவர் திருவையாற்றுத் தியாகராஜர் (1767–1847). இவ்விருவரையும் ஒரே அவையில் அமர்த்துவது எளிதன்று. கருநாடக இசையில் இராகத்தின் உயிர் கமகத்தில் இருக்கின்றது. சுரம் அசையும், வளையும், அடுத்த சுரத்தைத் தொட்டு மீளும். மேனாட்டுச் செவ்வியல் இசையிலோ பல குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்து ஒன்றோடொன்று இசைந்து நிற்கின்றன. அதற்குச் சுரங்கள் நிலை பெயராமல் நிற்க வேண்டும். ஒன்று வைகை வெள்ளம்; மற்றொன்று கல்மண்டபம். வெள்ளத்தை மண்டபத்துக்குள் விட்டால் இரண்டில் ஒன்று சேதமுறும் என்று அஞ்சுவது இயல்பே.

இளையராஜா இந்தச் சிக்கலைத் தீர்த்த முறை கூர்ந்து கேட்கத்தக்கது. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்', அதாவது 'என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன்' என்ற பகுதிக்கு, பாக் தனி வயலினுக்கென எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முகப்பை அவர் தேர்ந்தெடுத்தார். அது துணைக் கருவி ஏதுமின்றி ஒரே வயலினில் வாசிக்கப்படுவது. ஒற்றை இழையாக ஓடினாலும், அதனுள் பல குரல்கள் மறைந்து நின்று பேசுவதாகச் செவிக்குத் தோன்றும். நம் இராகமும் ஒற்றை இழையில் ஓடுவதே. ஆகவே இரண்டும் சந்திக்கத்தக்க வாசல் அதுவே என்று அவர் கண்டுகொண்டார். வயலின் கலைஞர் வி. எஸ். நரசிம்மனின் வில் அந்த வாசலில் தயக்கமின்றி நடக்கின்றது. அடுத்த பகுதியின் தலைப்பே 'நாங்கள் உரையாடினோம்' என்று பொருள்படுவது. விருந்தாளி வந்தார், அமர்ந்தார், பேசினார். வீட்டுக்காரர் தம் மொழியை மாற்றிக்கொள்ளவில்லை. மேனாட்டு இசையைக் கண்டு வியந்து பின்தொடரும் மனநிலையோ, நம்முடையதே உயர்ந்தது என்று கதவடைக்கும் மனநிலையோ இங்கில்லை. பண்ணைப்புரத்திலிருந்து வந்த ஒருவர், பாக்கைத் தம் வீட்டுக்கு அழைக்கும் தகுதி தமக்குண்டு என்று அமைதியாக அறிவிக்கின்றார். இத்தொகுப்பின் முதற் பெருமை இதுவே எனலாம்.

ஆயினும் குறையும் உண்டு. சில பகுதிகளில் ஒரு கருத்து முதிர்வதற்குள் அடுத்த கருத்து பாய்ந்து வருகின்றது. ஐந்து நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் திரைப்பாட்டுப் பழக்கம் அவரை இங்கும் விடவில்லை போலும். இதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் நம் முன் நிற்கின்றது. பாவலரின் குழுவில் சொல்லையே ஆயுதமாகக் கண்டு வளர்ந்தவர், தம் சொந்தத் தொகுப்பில் சொல்லையே முற்றாகக் களைந்தது ஏன்? மூத்தவரிடம் மெட்டு கடன், சொல் சொந்தம். இளையவரிடம் மெட்டு சொந்தம், சொல் இல்லை. தலைப்புகளோ ஆங்கிலத்தில். பாவலர் பாடியபோது தரையில் அமர்ந்து கேட்ட உழைப்பாளி, இந்த இசைத்தட்டின் உறையைக் கையில் எடுத்தால் எதைப் படிப்பார்?

இதற்கு மறுமொழி உண்டு என்பதையும் நாம் மறைக்கவில்லை. திரையுலகில் அவருடைய மெட்டின்மீது பிறர் சொல்லும், பிறர் கதையும், பிறர் காட்சியும் நாள்தோறும் ஏற்றப்பட்டன. ஒருமுறையேனும் இசை தன் காலில் நிற்கட்டும் என்று அவர் எண்ணியிருந்தால் அது நியாயமே. அப்படி நின்ற இசை வாழ்வுக்கு அயலாகிவிடவில்லை என்பதற்குப் பாலுமகேந்திராவின் 'வீடு' (1988) சாட்சி. பாட்டே இல்லாத அப்படத்தின் பின்னணிக்கு இத்தொகுப்பின் இசையே எடுத்தாளப்பட்டது. ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் சிறு வீடு ஒன்றைக் கட்டப் படும் பாட்டினை, பாக்கும் தியாகராஜரும் சந்தித்த அதே இசை உடனிருந்து சொல்லிற்று. சொல்லின்றியும் இசை ஏழையின் பக்கம் நிற்கும் என்று அப்படம் காட்டிற்று.

எனினும் 'வீடு' துணைநின்ற பின்னரே அது பலருக்கு விளங்கிற்று என்பதையும் கருத வேண்டும். பின்னர் 1988இல் வந்த 'நத்திங் பட் விண்ட்' தொகுப்பிலும் சொல் மையமாகவில்லை. 2005ஆம் ஆண்டின் திருவாசகத் தொகுப்பில் சொல் வந்தது; ஆனால் அது ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய மாணிக்கவாசகரின் சொல். 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் அரங்கேறிய 'வேலியன்ட்' சிம்பொனி அவருடைய நெடும் பயணத்தின் சிகரம். அச்சிகரத்தை எண்ணி மகிழும் அதே வேளையில், இன்றைய மனிதன் இன்றைய துயரைத் தன் வாயால் சொல்லும் பாட்டு, பாவலர் விட்ட இடத்திலேயே நின்றுபோயிற்றே என்ற ஏக்கமும் நமக்கு எழுகின்றது.

அந்த இடத்தை நிரப்பவல்லோர் வேறு திசையிலிருந்து வந்திருக்கின்றனர். அரக்கோணத்து அறிவு, இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் இணைந்து 2019ஆம் ஆண்டு வெளியிட்ட 'தெருக்குரல்' ஒரு சான்று. அயல்நாட்டுத் தாளப்பேச்சை எடுத்துக்கொண்டு, சாதியையும் ஆட்சியையும் பற்றிய தம் சொல்லை அதில் ஏற்றினார் அறிவு. கடன் வாங்கிய வடிவில் சொந்தச் சொல்: இது பாவலரின் வழியே. அத்தொகுப்பின் இசை இளையராஜாவின் உயரத்தை எட்டிற்று என்று நாம் கூறமாட்டோம். ஆனால் அதைக் கேட்கும் இளைஞனுக்கு, தன்னிடம் யாரோ நேர்நின்று பேசுகிறார்கள் என்ற உணர்வு உண்டாகின்றது.

நேர்நின்று பேசும் குரலின் மதிப்பை நம் குடும்பங்கள் அறியாதவை அல்ல. நாகூர் ஈ. எம். ஹனீபாவின் குரல் திரையை நம்பி நம் இல்லங்களுக்கு வந்ததன்று. மேடையிலிருந்தும் இசைத்தட்டிலிருந்தும் ஒலிநாடாவிலிருந்தும் வந்தது. 2015ஆம் ஆண்டு அவர் மறைந்த பின்னும் ஒலித்துக்கொண்டே இருக்கின்றது. புலவர் ஆபிதீன் போன்றோர் சொல் தந்தனர். ஹனீபா குரல் தந்தார். இசைத்தட்டு இரண்டையும் காத்தது. மதுரைச் சீமையின் எத்தனையோ மேடைப் பாடகர்களுக்கு அந்தக் காவல் கிடைக்கவில்லை.

ஆகவே அன்பர்களுக்கு நாம் கூறுவது இரண்டு. 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பைப் பிள்ளைகளோடு அமர்ந்து, வேறு வேலையின்றிக் கேளுங்கள். இசை சொல்லைக் கடந்து எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை அது காட்டும். கேட்டு முடித்தபின், உங்கள் ஊரில் தாமே பாட்டுக் கட்டிப் பாடிய முதியவரோ, தாலாட்டும் முனாஜாத்தும் நினைவில் வைத்திருக்கும் மூதாட்டியோ இருந்தால், அவர்களிடம் சென்று பாடச் சொல்லிப் பதிந்து வையுங்கள். கைப்பேசி ஒன்றே போதும். பாவலர்களின் நாளில் அந்த வசதி இருந்திருந்தால், மூத்தவர் பாட்டையும் இளையவர் இசையையும் இன்று நாம் பக்கத்தில் வைத்துக் கேட்டு எடைபோட்டிருப்போம்.