வண்டிக்கு அடியில் இன்னொரு டேங்க்

மேற்கு ஆஸ்திரேலியாவின் கேனிங் ஸ்டாக் ரூட் சுமார் 1,850 கி.மீ. நீளும் மண்பாதை; நடுவழியில் டீசலுக்கு குனவாரிட்ஜி என்ற சிற்றூரைத்தான் நம்ப வேண்டும். குடும்பத்தோடு அங்கே போகிறவர்களின் லேண்ட் குரூசரில் கூடுதல் டேங்க் பொருத்துவதை நல்ல கைவேலை என்றே சொல்வேன். சேசிஸை ஒட்டிக் கிடைக்கும் சந்துக்கேற்பத் தகட்டை மடித்துப் பற்றவைக்கிறார்கள். உள்ளே தடுப்புத் தகடுகள் இருப்பதால் மேடுபள்ளத்தில் டீசல் ஒரே பக்கமாக அலைமோதுவதில்லை. கேன்களைக் கூரையில் கட்டினால் செலவு குறையுமே என்பார்கள். உண்மைதான். ஆனால் 100 லிட்டர் டீசல் ஏறக்குறைய 84 கிலோ. அந்தப் பாரம் உச்சியில் இருந்தால் மணல்மேட்டுச் சரிவில் வண்டி கவிழும் அபாயம் கூடும். அடியில் இருந்தாலும் எடை எடைதானே என்பது நியாயமான கேள்வி. வண்டிக்கு அனுமதித்த மொத்த எடைக்குள் டேங்க், டீசல், தண்ணீர், ஆட்கள் எல்லாம் அடங்கியாக வேண்டும். ஆகவே பொருத்துமுன் வண்டியை ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள்.