முதலில் கல்லறைத் தோட்டம்

ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கார் கம்பெனிகள் வந்தாலும் வந்தன, காஞ்சிபுரத்துக்குப் புதிதாக ஒரு ஞாயிற்றுக்கிழமைக் குழப்பமும் வந்துவிட்டது. நெல்லை, நாகர்கோவில் பக்கமிருந்து வேலைக்கு வந்து இங்கே குடியேறுகிற கிறிஸ்தவக் குடும்பம், பால், கேஸ், ஸ்கூல் எல்லாம் முடிவான பிறகு கேட்டுக்கொள்கிற கேள்வி: ‘நாம எந்த சர்ச்சுக்குப் போறது?’

கோயில் நகரம்தான். ஆனாலும் சி.எஸ்.ஐ. இருக்கிறது, கத்தோலிக்க தேவாலயம் இருக்கிறது, மாடியில் ஷீட் போட்டு நடக்கிற ஜெப வீடுகளும் உண்டு. ஆகவே விசாரணை ஆரம்பமாகிறது. ஆராதனை எத்தனை மணிக்கு? பிரசங்கம் முக்கால் மணி நேரத்துக்குள் முடியுமா? கீபோர்டு வாசிப்பவர் தேவலையா? சன்டே ஸ்கூல் இங்கிலீஷிலா? கார் நிறுத்த இடம் இருக்கா? கல்யாண மண்டபம் பார்க்கப் போகிறவர் கேட்கிற அதே கேள்விகள். தப்பில்லை. ஆனால், போதாது.

இவர்களுடைய தாத்தாக்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அன்றைய மிஷன்கள் தமிழ்நாட்டு மேப்பைப் பாகப்பிரிவினை செய்துகொண்டிருந்தன. திருநெல்வேலி ஆங்கிலிக்கன், மதுரை அமெரிக்கன் மிஷன், நாகர்கோவில் லண்டன் மிஷன், தரங்கம்பாடி லுத்தரன். காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் ஸ்காட்லாந்துக்காரர்கள். எந்த ஊரில் பிறந்தீர்களோ அதுதான் உங்கள் சபை. 1947 செப்டம்பர் 27-ல் இவற்றில் பல ஒன்றுசேர்ந்து சி.எஸ்.ஐ. ஆயின. லுத்தரன்கள் சேரவில்லை. கத்தோலிக்கர்களுக்கோ இன்றைக்கும் பொதுவாக, குடியிருக்கும் தெரு எந்தப் பங்கின் எல்லைக்குள் வருகிறதோ அதுதான் கோயில்.

சரி, தேர்ந்தெடுக்கிற வாய்ப்புக் கிடைத்தபோது நம்மவர்கள் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? அங்கேதான் சங்கடம்.

1833-ல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று கடிதம் அனுப்பினார். கோயிலுக்குள் தனித்தனியாக உட்காருவதும், நற்கருணையைத் தனித்தனியாக வாங்குவதும் இனி இல்லை என்றார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்துப்போனார்கள். பின்னால், சாதி விஷயத்தில் கொஞ்சம் விட்டுப்பிடித்த லைப்சிக் லுத்தரன் மிஷன் வந்ததும், ஒரு பகுதியினர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கர்த்தர் மாறவில்லை, வேதம் மாறவில்லை. பக்கத்தில் யார் உட்காருகிறார் என்பதற்காக சர்ச் மாறியது!

இதற்கு நேர்மாறான ஆசாமியும் உண்டு. 1837-ல் சென்னையில் பள்ளிக்கூடம் ஆரம்பித்தவர் ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன். அதுதான் பிற்பாடு மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியானது. காஞ்சிபுரத்தில் அவர் பெயரிலேயே இன்றும் ஒரு பள்ளி இருக்கிறது. சென்னைப் பள்ளியில் தாழ்த்தப்பட்ட பையன்களைச் சேர்த்துக்கொண்டதும், ‘அவங்களை வெளியே அனுப்பு’ என்று மற்ற பெற்றோர் நெருக்கினார்கள். ஆண்டர்சன் அசையவில்லை. நிறையப் பேர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். போகிறவர்கள் போகட்டும் என்று இருந்துவிட்டார்.

பழைய கதை என்று தள்ளமுடியாது. 2008-ல், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சாதிச் சுவர் செய்தியில் அடிபட்டது. ‘எங்க மதத்துல சாதி இல்லை’ என்று மேடையில் முழங்குவது சுலபம். அதனால்தான் சொல்கிறேன், சர்ச் பார்க்கப் போனால் முதலில் கல்லறைத் தோட்டத்தைப் பாருங்கள். செத்தவர்களைப் பிரித்து வைத்திருக்கிற சபை, இருக்கிறவர்களை எப்படி வைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது கணக்கு. காமர்ஸ் படித்தவன் புத்தி, விடாது. காணிக்கை இவ்வளவு வந்தது, இவ்வளவு செலவாச்சு என்று அங்கத்தினர்கள் முன்னால் வைக்கிறார்களா? பள்ளி, ஆஸ்பத்திரி, நிலம் என்று சொத்துள்ள பழைய சபைகளில் தேர்தல் வந்தால் கோர்ட் படியேறாமல் முடிவதில்லை. சி.எஸ்.ஐ. தலைமைத் தேர்தல் விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது. புதிய சபைகளில் இன்னொரு ரகம். பாஸ்டர்தான் தலைவர், பாஸ்டரம்மாதான் பொருளாளர், மகன்தான் அடுத்த பாஸ்டர். ‘தசமபாகம் எங்கே போகுது?’ என்று கேட்டால், விசுவாசத்தில் குறை என்கிறார்கள்.

அப்புறமும் ஏன் ஜனங்கள் புதிய சபைகளைத் தேடிப் போகிறார்கள்? பெரிய சர்ச்சில் நீங்கள் ஒரு சந்தா நம்பர். மாடி ஜெப வீட்டில் உங்கள் குழந்தையின் பெயர் தெரியும். காய்ச்சல் என்றால் சாயந்திரம் ஆள் வரும். பழைய சபைகள் வெட்கப்படவேண்டிய இடம் இது. ஆனாலும் பலர் அங்கேயும் சந்தாவை விடுவதில்லை. கல்யாணத்துக்கும் கல்லறைக்கும் சி.எஸ்.ஐ., மற்ற ஞாயிறுகளுக்கு அசெம்பிளி! இந்த இரட்டைக் கணக்கு, இரண்டு பக்கத்தின் குறையையும் பட்டென்று காட்டிவிடுகிறது.

மற்ற மதத்து வாசகர்கள் புன்னகைக்க வேண்டாம். இதே காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் முன்னால் யார் எதை ஓதுவது என்று வடகலையும் தென்கலையும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே வழக்காடி வந்திருக்கின்றன.

புதுக் குடித்தனக்காரர்களுக்குக் கடைசியாக ஒரு யோசனை. முதல் ஞாயிறன்று பாட்டையும் பிரசங்கத்தையும் கேளுங்கள். ஆராதனை முடிந்ததும் உடனே பைக்கை எடுக்காமல் வாசலில் பத்து நிமிஷம் நில்லுங்கள். தறிக்காரரும் கம்பெனி மேனேஜரும் துப்புரவுப் பணியாளரும் நின்று பேசிக்கொள்கிறார்களா, இல்லை அவரவர் கூட்டத்தோடு கலைகிறார்களா என்று பாருங்கள். உங்களைப் போலவே சம்பளம், உங்களைப் போலவே ஊர், உங்களைப் போலவே சாதி என்று எல்லோரும் இருந்தால், அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: சங்கம். அதற்குச் சிலுவை எதற்கு?