மணிபல்லவத்துக்கு ஆறு படங்கள்

ஆளில்லாத தீவில் தனியாக விடப்பட்டால் எந்தெந்தப் படங்களைக் கொண்டுபோவீர்கள்? சினிமாவைப் பற்றி எழுதுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. 1942இல் பிபிசி வானொலி தொடங்கிய ‘டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்’ நிகழ்ச்சிதான் இந்த விளையாட்டைப் பிரபலமாக்கியது. விருந்தினர் எட்டு இசைத்தட்டுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பைபிளும் ஷேக்ஸ்பியரும் தேர்வில் சேராது. அவை இரண்டும் அந்தத் தீவில் முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கும்.

அந்த விதிதான் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. பிடித்ததை நாம் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் எது கட்டாயம் இருந்தே ஆக வேண்டும் என்பதை வேறு யாரோ முடிவு செய்துவிட்டார்கள். தமிழ்ப் பெண் போய் இறங்கும் தீவிலும் இப்படிச் சில ஏற்கெனவே வைக்கப்பட்டிருக்கின்றன: தாலி, தாய்மை, தியாகம். நாம் எந்தப் படத்தைக் கொண்டுபோனாலும் அவை அங்கே நமக்கு முன்பாகவே போய் உட்கார்ந்திருக்கும்.

தீவு என்றதும் பலருக்கும் 1719இல் வெளிவந்த ‘ராபின்சன் குரூசோ’ நினைவுக்கு வரும். தமிழ் படித்தவளான எனக்கு நினைவுக்கு வருவது மணிபல்லவம். உவவனத்தில் உதயகுமரன் துரத்தி வர, மணிமேகலையை உறங்கவைத்துத் தூக்கிச் சென்று அந்தத் தீவில் விட்டுவிடுகிறது தெய்வம். கண்விழித்தவள் முதலில் அழுகிறாள், துணையைத் தேடி அலைகிறாள். பிறகு தன் முற்பிறப்பை அறிகிறாள், வேற்றுருக் கொள்ளவும் வானில் செல்லவும் பசியைத் தாங்கவும் மந்திரங்கள் பெறுகிறாள், கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபியைக் கையில் வாங்குகிறாள். அதன் பிறகு ஊருக்குத் திரும்புகிறாள்.

அதே தீவில் அவளுக்கு முன்பு ஒருவன் தனியாக விடப்பட்டான். ஆபுத்திரன். கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. கையில் அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் இருந்தது. ஆனால் பகிர்ந்துகொள்ள எதிரில் யாருமில்லை. தன் ஒரு வயிற்றுக்காக மட்டும் அதை வைத்துக்கொள்ள மனமில்லாமல் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் உயிர் விட்டான்.

ஆளில்லாத் தீவு என்ற கேள்விக்கு நம் இலக்கியம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது என்றே நினைக்கிறேன். பகிர முடியாத பாத்திரம் பாரம். தனிமை பயன்படுவது திரும்பி வரும்போதுதான். ஆகவே என் பட்டியலின் விதி ‘எனக்கு மிகவும் பிடித்தவை’ என்பதல்ல. தனியாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால், மற்ற பெண்களிடம் பேச என்ன கொண்டுவருவேன் என்பதுதான்.

தேன்கனிக்கோட்டைப் பகுதி மாணவிகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே டவுன் பஸ்ஸில் பேசப்படும் ஊர் இது. முதலில் வந்த பதில் படத்தின் பெயரல்ல, எதிர்க்கேள்வி: “தனியாவா மேடம்?” அந்த ‘தனியாவா’வில் பயம் பாதி, ஆசை பாதி. இன்னொருத்தி, “அங்க சமையல் யாரு செய்வாங்க?” என்றாள். குடும்பச் செலவுக்காக இரண்டு வருடம் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்துவிட்டுப் படிக்க வந்த பெண், “படமே வேணாம் மேடம், தூங்கணும்” என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

பிடித்த படத்தைச் சொல்லச் சொன்னபோது பலர் தயங்கினார்கள். வீட்டில் ரிமோட் அண்ணன் கையில் இருக்கிறது. விடுதியில் ஒரு போனை நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து பார்க்கிறார்கள். ரசனை என்பது தானாக முளைப்பதல்ல. தேர்ந்தெடுக்க நேரமும் இடமும் வேண்டும், தேர்ந்தெடுத்ததைக் கேலி செய்யாமல் கேட்க ஆளும் வேண்டும். ‘எனக்கு இது பிடிக்கும்’ என்று சொல்லிப் பழகாத பெண், ‘எனக்கு இவனைப் பிடிக்கவில்லை’ என்று எப்படிச் சொல்வாள்? அஞ்செட்டி, தளி மலைக் கிராமங்களில் பத்தாம் வகுப்பைத் தாண்டும் முன்பே கல்யாணம் பேசப்படும் சிறுமிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை நினைக்கும்போது இந்தக் கேள்வி பொழுதுபோக்காக எனக்குத் தெரியவில்லை.

முதல் படம், கே. சுப்ரமணியம் இயக்கிய ‘தியாக பூமி’ (1939). கல்கியின் கதை. கணவனால் துரத்தப்பட்ட சாவித்திரி, பிற்பாடு செல்வமும் செல்வாக்கும் பெற்று உமாராணியாகிறாள். அப்போது கணவன், தன்னுடன் வந்து வாழ வேண்டும் என்று வழக்குப் போடுகிறான். அவள் மறுக்கிறாள். வேண்டுமானால் அவனுக்கு ஜீவனாம்சம் தருவதாகச் சொல்கிறாள். 1939இல் ஒரு தமிழ்ப் படத்தின் நீதிமன்றத்தில் எஸ்.டி. சுப்புலட்சுமி சொன்ன பதில் இது. ஆங்கில அரசு இந்தப் படத்தைத் தடை செய்ததைத்தான் நாம் பெருமையாகப் பேசுகிறோம். அந்த நீதிமன்றத்தைக் குறைவாகவே பேசுகிறோம்.

இந்தப் படத்தோடு எனக்குச் சண்டையும் உண்டு. சாவித்திரிக்கு ‘முடியாது’ என்று சொல்லும் தைரியம் வருவது சொத்து வந்த பிறகு. அந்த மறுப்பையும் கதை அப்படியே நிற்க விடுவதில்லை, தேசத் தொண்டில் கொண்டுபோய்க் கரைக்கிறது. கணவனை மறுத்தவள் தேசத்துக்குத் தன்னைக் கொடுத்தால்தான் கதைக்கு நிம்மதி. ஆனாலும் அந்த வழக்கு பழங்கதை ஆகிவிடவில்லை. பம்பாயில் 1880களில் ருக்மாபாய், கணவனிடம் போவதைவிடச் சிறைக்குப் போகத் தயார் என்று நின்றார். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் ஒன்பதாம் பிரிவில் சேர்ந்து வாழும் உரிமையை மீட்டுத் தரும் வழியை வைத்துக்கொண்டது. 1983இல் ஆந்திர உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. 1984இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் அது செல்லும் என்றது. சட்டம் படிக்கும் மாணவிக்கு இந்தப் படம் பாடநூலோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது.

இரண்டாவது, ‘சரபஞ்சர’ (1971). எல்லையோரத்தில் வாழ்கிறவளின் பட்டியலில் கன்னடம் இல்லாவிட்டால் அது பொய்ப் பட்டியல். திரிவேணியின் நாவலைப் புட்டண்ண கனகல் படமாக்கினார். காவேரியாகக் கல்பனா. பிள்ளைப்பேற்றுக்குப் பின் மனம் குலைந்து மருத்துவமனைக்குப் போகிறாள், குணமாகித் திரும்புகிறாள். ஆனால் வீடு அவளைக் குணமானவளாக ஏற்பதில்லை. சிரித்தாலும் சந்தேகம், கோபப்பட்டாலும் சந்தேகம். கணவனுக்கு வேறு தொடர்பு. கடைசியில் அவளுக்கு இடம் கொடுப்பது மீண்டும் அந்த மருத்துவமனைதான்.

மனநோய் பற்றிய படம் என்று இதைச் சொல்வார்கள். குணமானவளை வீடு எப்படி மீண்டும் நோயாளியாக்குகிறது என்பதைச் சொல்லும் படம் என்பேன் நான். பிரசவத்துக்குப் பிறகு காரணமில்லாமல் அழும் பெண்ணைப் பேய் பிடித்தவள் என்றோ திமிர் பிடித்தவள் என்றோ சொல்வது இன்றும் நம் தெருக்களில் கேட்கும் பேச்சு. ‘உனக்கு என்ன குறை’ என்ற கேள்வியைப் பெண்ணிடம் கேட்பதற்கு முன்பு வீட்டார் எல்லாரும் ஒருமுறை இதைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கே. பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’ (1974). சந்நியாசியாகப் போய்விட்ட அப்பா, குடிக்கும் அண்ணன், விதவையாகி வீட்டோடு இருக்கும் சகோதரி. இத்தனை பேருக்கும் சேர்த்துச் சம்பாதிக்கிறாள் சுஜாதாவின் கவிதா. இதை நடுத்தர வர்க்கத்துச் சென்னைக் கதையாகப் பார்த்துப் பழகியிருக்கிறோம். ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்களைத் தினமும் பார்க்கும் எனக்கு அது இங்கே நடக்கும் கதை. விடுதியில் ஆறு பேர் அறையில் தங்கி, சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பி, தம்பியின் படிப்பும் அக்காவின் கல்யாணக் கடனும் முடியட்டும் என்று காத்திருக்கிற பெண்கள் எத்தனை பேர்!

கவிதாவின் கடுகடுப்புதான் எனக்குப் பிடித்தது. தியாகம் செய்கிற பெண் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும் என்ற விதியை அவள் மீறுகிறாள். கொடுக்கிற காசுக்குக் கணக்குக் கேட்கிறாள், சொல்லிக் காட்டுகிறாள். ஆனால் பாலசந்தர் அவளுக்கு விடுதலை தரவில்லை. கல்யாணம் கைக்கெட்டும் இடத்துக்கு வந்த பிறகும் குடும்பம் அவளை மறுபடி வேலைக்கு அனுப்பிவைக்கிறது. தலைப்பே அதை ஒப்புக்கொள்கிறது. சம்பாதிப்பது விடுதலை என்று மேடையில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சம்பாதித்த பணத்தைப் பற்றி முடிவெடுப்பவர் யார் என்ற கேள்வியை இந்தப் படம் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டது.

இந்த இடத்தில் பலரும் எதிர்பார்ப்பது சி. ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ (1978). தமிழின் சிறந்த பெண்ணியப் படம் எதுவென்று கேட்டால் முதலில் வரும் பெயர். ஸ்ரீப்ரியாவின் மஞ்சு தமிழ் சினிமாவில் அபூர்வமான பெண்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அதை நான் கரையிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். மஞ்சுவின் கோபத்துக்கு அந்தப் படம் காரணம் தேடிக்கொண்டே இருக்கிறது: அம்மா அப்படி, காதலன் இப்படி. ஆணின் கோபத்துக்கு நம் சினிமா இத்தனை மருத்துவக் குறிப்பு எழுதுவதில்லை. பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வரும் அருண் அவளையும் ஆவணமாகவே பார்க்கிறான். கடைசியில் அவனும் புது மனைவியும் காரில் போய்விட, மஞ்சு சாலையில் நிற்கிறாள். அவளைப் பற்றிய தீர்ப்பு வெளியிலிருந்து வருகிறது. ‘அப்படித்தான்’ என்பது அவள் தன்னைப் பற்றிச் சொன்ன சொல் அல்ல.

அதற்குப் பதிலாக நான்காவதாகக் கொண்டுபோவது பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ (2024). வேறு சாதிக்காரனைக் காதலித்த மீனாவுக்குப் பேய் பிடித்திருப்பதாக நம்பி, உறவுக் கூட்டம் ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கொண்டுபோகிறது. பின்னணி இசை கிடையாது. அன்னா பென்னின் மீனா படம் முழுக்க ஏறத்தாழ வாயே திறப்பதில்லை. சுற்றியிருக்கும் ஆண்கள் கத்துகிறார்கள், அடிக்கிறார்கள், களைத்துப்போகிறார்கள். அவள் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று இயக்குநர் நமக்கு விளக்குவதில்லை. அது அவளுடையது என்று விட்டுவிடுகிறார். வழியை மறித்து நிற்கும் மாட்டின் முன்னால் அத்தனை ஆண்களும் திகைக்க, ஒரு சின்னப் பெண் வந்து அதை ஓட்டிப்போகிறாள். மௌனம் சம்மதம் என்ற பழமொழியை இனி வகுப்பில் யாராவது சொன்னால் இந்தப் படத்தைப் பார்க்கச் சொல்வேன்.

ஐந்தாவது, சாந்தால் ஆகெர்மனின் ‘ழான் டீல்மன்’ (1975). பிரஸ்ஸல்ஸில் மகனோடு வாழும் விதவையின் மூன்று நாட்கள். ஓடும் நேரம் மூன்று மணி இருபது நிமிடங்களுக்கு மேல். உருளைக்கிழங்கு உரிக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், படுக்கையைச் சரி செய்கிறாள், பிற்பகலில் பணத்துக்காக ஓர் ஆணை உள்ளே விடுகிறாள். எல்லா வேலைக்கும் அந்தந்த வேலை பிடிக்கும் நேரம் படத்திலும் கொடுக்கப்படுகிறது. ஆகெர்மனுக்கு அப்போது வயது இருபத்தைந்து. பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களைக் கேட்டு உலகின் சிறந்த படங்களைப் பட்டியலிடுகிறது. அதில் ஒரு பெண் இயக்கிய படம் முதலிடத்துக்கு வர 2022 வரை எழுபது ஆண்டுகள் ஆயின. அது இந்தப் படம்தான்.

‘ஒன்றுமே நடக்கவில்லையே’ என்று இதைச் சொல்கிறவர்கள் உண்டு. களி கிண்டுவதை மூன்று நிமிடம் வெட்டாமல் காட்டினால் நாமும் அப்படித்தான் சொல்வோம். அடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் கேழ்வரகு மாவைப் போட்டுக் கட்டி தட்டாமல் துடுப்பால் கிளறும் கையின் வலி எந்த சினிமாவிலும் நேரமாகக் கணக்கிடப்பட்டதில்லை. மலையாளத்தில் ஜியோ பேபி இயக்கிய ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ (2021) நம் பக்கத்துப் பெண்களைக் கலங்க வைத்தது அதனால்தான். அங்கே கழுவுதொட்டியின் அழுக்குத் தண்ணீர் ஒரு கதாபாத்திரமாகவே வந்தது. ஆகெர்மன் அதை நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே செய்திருந்தார்.

ஆறாவது, ‘மிஸ் கமலா’ (1936). எழுதியவரும் தயாரித்து இயக்கி நடித்தவரும் டி.பி. ராஜலட்சுமி. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) படத்தின் நாயகி. சிறுமியாகவே கல்யாணம் செய்துவைக்கப்பட்டு, அதிலிருந்து வெளியே வந்து நாடக மேடை ஏறியவர். தன் நாவலையே படமாக்கித் தமிழின் முதல் பெண் இயக்குநரானார். இந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை. ‘காளிதா’ஸும் இல்லை. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும்; வெள்ளிக்காக உருக்கப்பட்ட சுருள்களும் ஏராளம். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது 1964இல். ராஜலட்சுமி இறந்ததும் அதே ஆண்டுதான்.

இல்லாத படத்தை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்கலாம். காலிப் பெட்டியாகவே கொண்டுபோகிறேன். நம் சினிமாவில் ஒரு பெண் முதன்முதலாகத் தன் கதையைத் தானே சொன்ன இடத்தில் நமக்கு மிச்சமிருப்பது பெயரும் ஆண்டும்தான். சங்கப் பாடல்கள் எழுதிய பெண்களைப் பற்றிப் பாடம் எடுக்கும்போதும் இதே நிலைதான். பெயர் மட்டும் இருக்கும், வாழ்க்கை இருக்காது. அந்தப் பெட்டி கூட இருந்தால், மற்ற ஐந்து படங்களையும் இயக்கியவர்களில் ஒருவர்தான் பெண் என்பதும், அவரும் தமிழரல்ல என்பதும் மறக்காது. 1936இல் தொடங்கிய வரிசையில் பானுமதியும் சாவித்திரியும் ரேவதியும் லீனா மணிமேகலையும் சுதா கொங்கராவும் வந்திருக்கிறார்கள். இருந்தும் அந்த வரிசை இன்னும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறது.

இந்த ஆறில் ஒன்றுகூட உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ‘அவள் அப்படித்தான்’ படத்தை விட்டுவிட்டதற்காக என்னோடு சண்டை போடலாம், போடுங்கள். ஆனால் அதற்கு முன்பு உங்கள் ஆறை எழுதுங்கள். அண்ணனுக்கோ கணவனுக்கோ பேராசிரியைக்கோ பிடித்ததை எழுதாதீர்கள். எழுதியதைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் காட்டுங்கள், அவளுடையதைக் கேளுங்கள். ஒருத்தி “தூங்கணும்” என்று எழுதியிருந்தால், அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.