வானிலிருந்து விழுந்த பனுவல்

2001 அக்டோபர் 7ஆம் நாள் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கக் குண்டுவீச்சு தொடங்கியது. அம்மாத நடுப்பகுதியில் பஷ்தூ, டாரி மொழிகளில் அச்சிட்ட துண்டறிக்கைகளும் வானிலிருந்து வீசப்பட்டன. அவற்றுள் ஒன்றையே ஈண்டுப் பனுவலாகக் கொள்கிறோம். வானொலிக் கோபுரத்தின் படம். உடன் 864, 1107, 8700 கிலோஹெர்ட்ஸ் என அலைவரிசைகள். பெரும்பாலோர் எழுத்தறியா நாட்டில் படத்தை முன்னிறுத்தியது பொருத்தமே.

தாலிபான்களின் ஷரியத் வானொலி அம்மாதத்திலேயே குண்டுவீசித் தகர்க்கப்பட்டது. ஓசையடங்கிய அவ்விடத்தில், பறக்கும் இராணுவ விமானங்கள் தம் ஒலிபரப்பைப் பரப்பின. தடைசெய்யப்பட்டிருந்த ஆப்கானிய இசையும் அதில் ஒலித்தது. ஆண்டுக்கணக்கில் இசை மறுக்கப்பட்டவர்க்கு அது சிறு கொடையன்று. இதனை மறைப்பது நேர்மையாகாது.

ஆயினும், 'கேள்' என்னும் தமிழ்ச்சொல் செவிமடுத்தலையும் வினவுதலையும் ஒருங்கே குறிக்கும். இப்பனுவல் முன்னதை மட்டுமே வாசகனுக்கு வழங்கியது. வினவ வேண்டிய தேவையோ விரைவில் எழுந்தது. அதே வானிலிருந்து விழுந்த உணவுப் பொட்டலங்களும் மஞ்சள். கொத்துக்குண்டுகளிலிருந்து சிதறி வெடிக்காது கிடந்த சிறுகுண்டுகளும் மஞ்சள். இரண்டையும் வேறுபடுத்தி அறியுமாறு அக்டோபர் இறுதியில் அவ்வானொலியே எச்சரிக்க நேர்ந்தது. பொட்டலங்களின் நிறத்தை மாற்றவும் பின்னர் முடிவாயிற்று. அதற்குள் வீசப்பட்டவை நிலத்தில் கிடந்தன. துண்டறிக்கை கையிலிருந்தும் வானொலிப் பெட்டி இல்லாதவனுக்கு, அவ்வெண்கள் எதையும் உரைக்கவில்லை.