கனிவான கவனத்திற்கு

மாம்பலம் ரயில் நிலையத்தில் காத்திருக்கும்போது நான் கைப்பேசியை வெளியே எடுப்பதில்லை. காதைத் திறந்து வைத்தால் போதும், பொழுது போய்விடும்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஒரு பெண்குரல் தொடங்கும். ரங்கநாதன் தெருவில் முண்டியடித்து, இரண்டு கையிலும் துணிப்பையோடு படியேறி இறங்கி, பக்கத்தில் நிற்பவரின் காலை மிதித்துக்கொண்டிருக்கும் கூட்டம் இது. இதனிடம் போய்க் கனிவை எதிர்பார்க்கிறது அந்தக் குரல். 'கவனிக்கவும்' என்று அதட்டினாலும் வேலை நடந்திருக்கும். அரசாங்க அறிவிப்பில் கனிவு என்ற சொல்லை நுழைத்த புண்ணியவான் யாரோ, மோனையும் பார்த்திருக்கிறார்: கனிவு, கவனம்.

அடுத்து வருவது 'மின்தொடர் வண்டி'. நடைமேடையில் நிற்கும் ஒருவர் வாயிலும் இந்தச் சொல் வராது. எல்லோருக்கும் அது எலக்ட்ரிக் ட்ரெயின்தான். ஆனாலும் கேட்டவுடன் புரிகிறது. 'நடைமேடை' இன்னும் அழகு. நடக்க இடமில்லாத மாலை ஆறு மணிக்கு அதைக் கேட்டால் சிரிப்பும் வரும்.

மாம்பலத்திலிருந்து தெற்கே தாம்பரம் வரை பத்து நிலையங்கள். அந்தப் பெயர்களை ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். சைதாப்பேட்டை, கிண்டி தாண்டினால் பரங்கிமலை: போர்த்துக்கீசியப் பரங்கியர் பெயர் மலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பழவந்தாங்கலில் ஒரு தாங்கல் இருக்கிறது. தாங்கல் என்றால் சிறிய ஏரி. பெயரைக் கேட்கும்போதே கொஞ்சம் ஈரம் ஒட்டுகிறது. மீனம்பாக்கம், விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம், பிறகு பல்லாவரம். அப்புறம் குரோம்பேட்டை. குரோம் முறையில் தோல் பதனிட்ட ஒரு தொழிற்சாலை கொடுத்த பெயர். ரசாயனத்துக்குப் பக்கத்தில் 'பேட்டை'யை ஒட்டவைத்து, பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்பதுபோல் புழங்க நம் ஊரால்தான் முடியும். அதையடுத்து சானடோரியம். 1928இல் அங்கே வந்த காசநோய் மருத்துவமனையை வைத்து அழைத்த பெயர். நோயின் நினைவு போய், இப்போது அது வெறும் 'சானடோரியம் இறங்குறவங்க வழி விடுங்க' ஆகிவிட்டது.

வடக்கே போனால் கடைசி நிறுத்தம் கடற்கரை. வெளியூர் உறவினர் ஒருவர் பெயரை நம்பி, குழந்தைகளோடு அங்கே போய் இறங்கிவிட்டார். எதிரே துறைமுகம்! கால் நனைக்கச் சேப்பாக்கம் பக்கம் போயிருக்க வேண்டும். பெயர் பொய்யில்லை, துறைமுகம் வருவதற்கு முன்னால் அலை அந்தப் பக்கம்தான் அடித்தது.

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931 மே 11ஆம் தேதி. அன்று ஓடியது மீட்டர் கேஜ் வண்டி. 2004 ஜூலையோடு அது ஓய்ந்தது. இப்போது ஓடும் அகலப் பாதை வண்டிகளில் புதியவை கிளம்பும்போது கவனியுங்கள். மோட்டாரின் ஒலி, தம்புரா சுருதி கூட்டுவதுபோல் படிப்படியாக ஏறும். பழைய வண்டிகளுக்கு அந்த சங்கீதம் கிடையாது, உறுமிவிட்டுப் புறப்படும். எனக்கு இரண்டும் பிடிக்கும். உறுமல் சற்றுக் கூடுதலாக.

சீசன் டிக்கெட்காரர்களின் கலை தனி. வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே, எந்த இடத்தில் வாசல் வந்து நிற்கும் என்று தெரிந்து அந்த இடத்தில் நிற்பார்கள். தரையில் ஒரு கோடும் இருக்காது. வண்டி நிற்கும்போது வாசல் சரியாக அவர்கள் மூக்குக்கு நேரே இருக்கும். மகளிர் பெட்டிக்குக் காத்திருக்கும் பூக்காரப் பாட்டி ஒருவர் கூடையைத் தரையில் வைக்கும் இடத்தை அளவெடுத்துப் பார்த்தால் ஓரடிகூடத் தப்பாது.

2025 ஏப்ரலில் ஏசி வண்டி வந்தது. அதன் கதவுகள் தானே மூடிக்கொள்கின்றன. வசதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கதவு மூடியபின் வாசல் காற்று கிடையாது. சைதாப்பேட்டை தாண்டி அடையாற்றுப் பாலத்தில் சக்கரச் சத்தம் மாறுவதும் பாதிதான் கேட்கிறது.

அடுத்தமுறை தெற்கே போகிறவர்கள் பழவந்தாங்கல் அறிவிப்பைக் கேளுங்கள். நான் கேட்டவரை, அந்த அம்மாள் 'ழ'வைச் சுத்தமாகவே சொல்கிறார்.