மடை திறந்த முறை

வெள்ளிவிழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மன்றச் செயலாளர் இரண்டு முறை கேட்டார். ஏலக்காய்ப் பறிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். மூன்றாம் முறை தலைவர் ஐயாவே போடியில் என் கடைக்கு வந்துவிட்டார். "இணையக் குழுமத்தை எப்படி ஆரம்பிச்சோம், எப்படி மட்டுறுத்துனோம்னு நம்ம பிள்ளைகளுக்கு ஒருத்தராவது எழுதி வைக்கணும்ல" என்றார். அவர் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. மன்றத்தின் வெள்ளிவிழாவுக்கு என் பங்காக இதை வைக்கிறேன். யூஸ்நெட் என்றால் என்ன, மடலாடற்குழு என்றால் என்ன என்று முதலிலிருந்து விளக்கப்போவதில்லை. நம் உறுப்பினர்களுக்கு அவை வீட்டுச் சங்கதி.

1895-இலிருந்து பெரியாற்றுத் தண்ணீர் பாயும் பள்ளத்தாக்கு நம்முடையது. இருபோகம் மட்டும் 14,707 ஏக்கர். தலைமடைக்காரர் தன் விருப்பத்துக்கு ஒரு புது மடை உடைத்தால் கடைமடையில் நாற்று கருகும் என்பதை இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் சொல்ல வேண்டியதில்லை. யூஸ்நெட் கட்டுப்பாடுகள் பிறந்த காரணமும் இதுதான். 1979-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் எண்ணித் தொடங்கிய அந்த வலையில், ஓர் இடத்தில் ஒரு குழு திறந்தால் அதன் மடல்கள் மற்ற இடங்களின் கணினிகளிலும் போய் விழும். தொலைபேசிக் கட்டணமும் வட்டில் இடமும் அங்கங்கே இருந்த நிர்வாகிகளின் தலையில். ஆகவே அவர்களைக் கேட்காமல் குழு திறப்பது முறையில்லை என்று ஆயிற்று. முதலில் முதுகெலும்பு நிலையங்கள் என்ற பெரிய கணினி நிலையங்களின் நிர்வாகிகள் சிலர் தமக்குள் பேசி முடிவெடுத்தார்கள். 1986-87-இல் எல்லாக் குழுக்களுக்கும் பெயர் மாற்றி ஏழு தலைப்பின் கீழ் அடுக்கியது அவர்கள் காலத்தில்தான். அதன் பிறகு வாக்கெடுப்பு முறை வேரூன்றியது.

அந்த முறையின் கண்டிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு உடல் சிலிர்க்கிறது. குழு வேண்டுபவர் முதலில் ஆர்.எஃப்.டி. என்ற விவாதக் கோரிக்கையைப் போட வேண்டும். குழு எதற்கு, எது பேசலாம், எது கூடாது, மட்டுறுத்தல், அதாவது மடல்களைப் பார்த்து அனுமதிப்பது உண்டா, உண்டென்றால் யார் என்பதெல்லாம் சாசனமாக அதில் இருக்கும். அதன் மேல் குறைந்தது 21 நாள் வாதம். சாசனத்தின் ஒவ்வொரு சொல்லையும் பிரித்துக் கேட்பார்கள். அதைத் தாண்டினால் வாக்கெடுப்பு, மூன்று வாரத்திலிருந்து ஒரு மாதம் வரை. வாக்கு எண்ணுபவர் குழு கேட்டவராக இருக்கக் கூடாது. 1993-இலிருந்து அதற்கென்றே தன்னார்வலர் அணி இருந்தது. ஆதரவு, எதிர்ப்பைவிட 100 கூடுதலாக இருக்க வேண்டும்; மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்காகவும் இருக்க வேண்டும். 250 பேர் வேண்டும் என்று சொல்லி, 140 பேர் வேண்டாம் என்றால் குழு கிடையாது. நூறு தாண்டியிருக்கும், ஆனால் மூன்றில் இரண்டுக்குப் பத்து வாக்கு குறையும். முடிவை அறிவிக்கும்போது யார் எப்படி வாக்களித்தார் என்று பெயரோடு போடுவார்கள். தோற்ற கோரிக்கையை ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி கொண்டுவரலாம்.

1987-இல் இந்தக் கெடுபிடி பொறுக்காமல் சிலர் பிரிந்து போய் ஆல்ட் என்ற தனி வரிசையைத் தொடங்கினார்கள். அங்கே வாக்கில்லை, கேள்வியில்லை. அந்தக் கிளையைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. இன்றைய கைப்பேசிக் குழுக்களின் பாட்டன் அதுதான் என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

சோக்.கல்ச்சர்.தமிழ் என்ற யூஸ்நெட் குழு நாம் எல்லாரும் கேள்விப்பட்டது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து, ஈழப் போரையும் இளையராஜாவையும் பொங்கலையும் ஒரே இழையில் பேசிய இடம். தேனியில் இருந்த எங்களுக்கு அது எட்டாத தூரம். இந்தியாவில் பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இணையம் தந்ததே 1995 ஆகஸ்ட் 15-இல். பின்னாளில் எங்கள் குழுமத்தை நடத்திய பெரியவரின் மகன் அமெரிக்காவில் படித்தபோது அந்த ஆர்.எஃப்.டி. வாதங்களை அச்சிட்டுத் தபாலில் அனுப்புவார். ரெக்சின் பையில் அவற்றை வைத்துக்கொண்டு சின்னமனூரிலிருந்து பேருந்தில் வருவார் பெரியவர். நாங்கள் முதலில் பார்த்த யூஸ்நெட் புள்ளி அச்சுப்பொறியின் மங்கிய தாளில் இருந்தது.

தமிழுக்கு வாய்த்த அடுத்த கிளை தமிழ்.நெட் என்ற மடலாடற்குழு. சிட்னியில் இருந்த மலேசியத் தமிழர் பாலா பிள்ளை கட்டிய வீடு அது. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் கொண்டு தமிழ் எழுத்திலேயே மடல் எழுதலாம் என்ற நிலை வந்ததும், அமெரிக்காவிலும் சுவிட்சர்லாந்திலும் சிங்கப்பூரிலும் இருந்தவர்கள் ஒரே திண்ணையில் உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு எழுத்துருவாக இருந்த அந்தக் காலத்தில், டிஸ்கி என்ற பொதுக் குறியேற்றம் அங்கே மடலாடியே உருவானது. எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து உட்காரும் என்று மாதக்கணக்கில் வாதிட்டார்கள். கோபித்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்தார்கள். தமிழக அரசு 1999-இல் டாம், டாப் என்று தனித் தரம் அறிவித்தது; பிற்பாடு ஒருங்குறி வந்து எல்லாவற்றையும் விழுங்கியது. அதனால் அந்த உழைப்பு வீண் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். முகம் பாராத ஐம்பது பேர் ஒரு தரத்துக்கு வந்து சேரலாம் என்பதைத் தமிழருக்குக் காட்டியது அந்தக் குழு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் அதே திண்ணையில் முளைத்தது. கு. கல்யாணசுந்தரம் லோசானிலிருந்து வழிநடத்த, யார் எந்த நூலைத் தட்டச்சு செய்வது, யார் மெய்ப்புப் பார்ப்பது என்று மடலிலேயே பிரித்துக்கொண்டார்கள்.

யாஹூ குழுமங்கள் வந்ததும் வாக்கெடுப்பு என்ற பேச்சே போயிற்று. குழு திறக்க இரண்டு நிமிடம். திறந்தவர் உரிமையாளர், அவர் நியமிப்பவர் மட்டுறுத்துநர். ஆனால் அந்த அதிகாரம் கையில் வந்தும் நல்ல குழுக்கள் பழைய ஒழுக்கத்தைக் கைவிடவில்லை. சுங்கைப் பட்டாணி டாக்டர் ஜெயபாரதியின் அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப், இலந்தை இராமசாமி ஐயாவின் சந்தவசந்தம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருந்தது. சந்தவசந்தத்தில் கவியரங்கம் என்றால் தலைவர் அழைக்கும் முறைப்படிதான் கவிஞர்கள் வருவார்கள். தளை தட்டினால் மெதுவாகத் திருத்துவார்கள். அது தனிப் பள்ளி.

யாஹூவில் நாங்கள் நடத்திய குழுமம் அதைவிடச் சிறிய பள்ளி. மலரில் பெயர் வரக் கூடாது என்பது பெரியவர் போட்ட நிபந்தனை. அதனால் பெரியவர் என்றே எழுதுகிறேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வாரம் மூன்று நாள் தேனிக்கு வந்து, மணிக்கு முப்பது ரூபாய் கொடுத்து இணைய மையத்தில் உட்காருவார். குழுமத்துக்கு வந்து நிலுவையில் நிற்கும் மடல்களை முதலிலிருந்து கடைசிவரை படிப்பார். நாங்கள் இருவர் அவருக்குத் துணை மட்டுறுத்துநர்கள்.

ஒரு மடலை நிறுத்தினால் காரணத்தை எழுதியவருக்கு அன்றே தனி மடலில் சொல்லியாக வேண்டும். பேருந்து போய்விடும் என்று நான் எழுந்தால், "அவரு பதிலுக்குக் காத்திருப்பாருப்பா" என்பார். நிறுத்திய மடல் ஒவ்வொன்றுக்கும் நோட்டில் தேதி, தலைப்பு, காரணம், என்ன பதில் வந்தது என்று நான்கு பத்தி போட்டு எழுதினார். தாம் வாதிடும் இழையில் மட்டுறுத்தலைத் தொடவே மாட்டார். சிலப்பதிகார இழையில் அவருக்கும் யாழ்ப்பாணத்து அறிஞர் ஒருவருக்கும் இரண்டு வாரம் நடந்தது. அத்தனை நாளும் சாவி எங்களிடம்தான் இருந்தது.

அந்த இழையில் பெரியவருக்கு ஆதரவாக நான் ஓர் ஆவேச மடல் எழுதினேன். மற்றொரு துணை மட்டுறுத்துநர் அதை நிறுத்திவிட்டார். பெரியவரிடம் முறையிட்டேன். இழை முடிந்த பிறகு அவர் எழுதினார்: "தம்பி, நிறுத்தியது சரி. மூன்றாம் பத்தி பாட்டைப் பற்றியது இல்லை, அவரைப் பற்றியது. அதை எடுத்துவிட்டு அனுப்புங்கள்." எடுத்துவிட்டு அனுப்பினேன். யாழ்ப்பாணத்து அறிஞர் அதற்கு நன்றி சொல்லி, என் வாதத்தில் இரண்டு பிழைகளையும் காட்டினார்.

மரபுக் கவிதைக்குத் தனிக் குழுமம் வேண்டும் என்று எங்களில் சிலர் கேட்டபோது பெரியவர் அந்த ரெக்சின் பையைத் திறந்தார். அமெரிக்கக்காரர்கள் செய்த மாதிரியே சாசனம் எழுதச் சொன்னார், 21 நாள் வாதம் வைத்தார். நூறு வாக்குக்கு நாங்கள் எங்கே போவது? அதை மட்டும் பத்தாகக் குறைத்தார். ஏழு வாக்குத்தான் கூடுதலாக வந்தது. ஆறு மாதம் காத்திருந்தோம். இரண்டாம் முறை தேறியது. காத்திருந்த அந்த ஆறு மாதத்தில் எழுதத் தெரியாத நாங்கள் வெண்பா எழுதப் பழகிக்கொண்டோம்.

விக்கிக் கிளையைக் கொஞ்சமாகத்தான் தொடுகிறேன். அதை எழுத என்னைவிடத் தகுதியானவர் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார். முத்துக்கமலம் இதழை நடத்தும் தேனி மு. சுப்பிரமணி 2010-இல் எழுதிய தமிழ் விக்கிப்பீடியா நூலை இளையவர்கள் வாங்கிப் படிக்க வேண்டும். 2003-இல் தொடங்கி, மயூரநாதன் அடித்தளம் இட்ட அந்தக் களஞ்சியத்தில் பொதுப் பேச்சுக்கான பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நிர்வாகி பொறுப்புக்கு ஒருவரை முன்மொழிந்தால், ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் கையொப்பமிட்டுக் காரணம் எழுதுகிறார்கள். கட்டுரையை ஏன் நீக்கினார்கள் என்று எவரும் பார்க்கலாம். பழைய வாக்கெடுப்பு மரபின் உயிர் இன்று அங்கேதான் தங்கியிருக்கிறது.

இனி எழுதப்போவது எவரையும் மனத்தில் வைத்து எழுதியதல்ல. இன்று குழு நடத்தும் இளைஞர்களில் நல்லவர்கள் பலர். நம் மன்றத்திலேயே இருக்கிறார்கள். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்போது கேட்காமலே ஒருவரைக் குழுவில் சேர்த்துவிடுகிறார்கள். சாசனம் என்ற சொல்லே தெரியாது. கவிதைக்கென்று தொடங்கிய குழுவில் காலை வணக்கப் படம் நாற்பது. எழுதியவர் பெயரை வெட்டிவிட்டு அவர் எழுதியதை அனுப்புகிறார்கள். எங்கள் நாளில் மேற்கோளில் தேவையற்ற வரிகளை வெட்டிவிட்டுப் பதில் எழுதாதவரைப் பெரியவர் திருப்பி அனுப்புவார். இன்று இருநூறு வரியை அப்படியே விட்டுக் கீழே ஒரு கைகூப்பு. இழை என்பது அறுந்தே போயிற்று. காலையில் தொல்காப்பியம் என்று ஒருவர் தொடங்கினால் பத்து மணிக்கு அது கல்யாண அழைப்பாகிவிடுகிறது. ஒருவர் சொன்னதற்கு மறுப்பு எழுத மூன்று நாள் நூலகத்தில் உட்கார்ந்தோமே, அந்தப் பொறுமை எங்கே போயிற்று? மறுப்பு எழுதத் தெரியாத தலைமுறை எப்படி உரை எழுதும்? உரை எழுதாத மொழியில் எப்படிப் புலமை தங்கும்? இது கைப்பேசியோடு நிற்கிற காரியமா? மேடையில், வகுப்பில், புத்தக விமரிசனத்தில் எல்லா இடத்திலும் இதன் நிழல் தெரிகிறது.

வாட்ஸ்அப் குழுவில் 2014-இல் 100 பேர்தான் இருக்கலாம். 2022-இல் அது 1,024 ஆயிற்று. எவர் எழுதியதையும் எல்லார் கண்ணிலிருந்தும் அழிக்கும் அதிகாரமும் அதே ஆண்டு நிர்வாகிக்கு வந்தது. உறுப்பினர் எழுதியதற்கு, நிர்வாகியாக இருந்த காரணத்துக்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொன்னது. சட்டப்படி அது நியாயமே. ஆனால் சட்டம் கேட்காத கணக்கை ஊர் கேட்கும் என்று இருந்தவர்கள் நாம். ஆயிரம் பேர் கூடும் மந்தையில் ஒருவரை வெளியே அனுப்புபவர் ஒரு வரி காரணம் சொல்ல வேண்டாமா?

பெரியவருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு குழுவில், அது எந்தக் குழு என்று எழுதப்போவதில்லை, ஒரு பிழையான பாடவேறுபாட்டைப் பற்றி நீளமாக எழுதினார். இரவு பதினொரு மணிக்கு அவரை நீக்கிவிட்டார்கள். ஒரு சொல் இல்லை. கைப்பேசி கெட்டுவிட்டது என்று நினைத்து, காலையில் பழுதுபார்க்கும் கடைக்குப் போயிருக்கிறார். கடைப் பையன் பார்த்துவிட்டு, "தாத்தா, உங்களைத் தூக்கிட்டாங்க" என்று சொல்லியிருக்கிறான். அன்று மாலை என்னை அழைத்து, "நான் என்ன தப்பா எழுதிட்டேன்? காரணம் தெரிஞ்சா திருத்திக்குவேன்ல" என்றார். நூற்றுக்கணக்கானவருக்குக் காரணம் எழுதி அனுப்பிய கை அது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பர் 15-இல் அடியோடு மூடப்பட்டன. எங்கள் குழுமத்தின் மடல்களில் பாதிக்கு மேல் சேமிக்காமலே போயின. யூஸ்நெட்டைக் காட்டிவந்த கூகிளும் 2024 பிப்ரவரியில் புது மடல் ஏற்பதை நிறுத்தியது. எஞ்சியவை பெரியவரின் நான்கு நோட்டுகள். நான்கும் என்னிடம் தந்திருக்கிறார். மலர் வெளியீட்டு நாளில் அவற்றை மன்ற நூலகத்துக்கு ஒப்படைக்கிறேன்.

நிர்வாகக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம். நம் மன்றத்தின் பெயரில் இப்போது மூன்று கைப்பேசிக் குழுக்கள் ஓடுகின்றன. ஒன்றுக்கும் சாசனம் இல்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு பக்கச் சாசனத்தை உறுப்பினர் முன் வைத்து, 21 நாள் பேசவிட்டு, கையொப்ப வாக்கில் நிறைவேற்ற வேண்டும். யாரையாவது நீக்கினால் அன்றே அவருக்குக் காரணம் எழுத வேண்டும் என்பதை அதன் முதல் விதியாக வையுங்கள். நோட்டு எழுத ஆள் இல்லையென்றால் நான் எழுதுகிறேன்.