எண்ணும் அளவும்: ஒரு சான்றிதழை முன்வைத்து

செல்லூரில் தறிச்சத்தத்துக்குள் வளர்ந்த எனக்கு அளவை என்பது முதலில் நூல் நம்பர்தான். 840 கஜம் ஒரு சிட்டம். அப்படி 40 சிட்டம் சேர்ந்து ஒரு ராத்தல் நின்றால் நாப்பதாம் நம்பர். 'எண்பதுன்னா அதே எடைக்கு ரெண்டு மடங்கு நீளம்டா' என்பார் அப்பா. இழையோடு இழையை முடிந்தால் நீளம் கூடும். சிட்டத்தோடு சிட்டத்தைத் தராசில் வைத்தால் எடை கூடும். எண்களைக் கூட்டும் உரிமையை நூலே தருகிறது.

2019இல் பக்கத்து வீட்டு அக்கா தன் மகனுக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கத் துணைக்குப் போனேன். பையனுக்கு 14 வயது. தார் சுற்றுவான், கடையில் மீதிக்காசு எண்ணி வாங்கத் தெரியாது. வைன்லாந்து சமூக முதிர்ச்சி அளவுகோலில் 71 வந்தது. 2018 ஜனவரியில் மைய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்படி 55 முதல் 69 வரை 50 சதவீத ஊனம். 70 முதல் 84 வரை 25 சதவீதம். சட்டத்தின் முக்கியச் சலுகைகளுக்கோ 40 சதவீதம் வேண்டும். 'ரெண்டு மார்க்குதானே தம்பி, இந்தக் கோட்டை யாரு போட்டா?' என்றார் அக்கா. எனக்குப் பதில் வரவில்லை.

அந்த 71 எப்படிப் பிறக்கிறது? அமெரிக்க உளவியலாளர் எட்கர் டால் 1930களில் உருவாக்கிய முறை அது. சட்டைப் பொத்தான் போட்டால் ஒன்று; தெருவில் தனியாகப் போய்வந்தால் ஒன்று. தேறியவற்றின் எண்ணிக்கையிலிருந்து 'சமூக வயது'. அதை உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈவு. பொத்தானும் தெருவும் சம அளவா என்று யாரும் தராசில் வைத்துப் பார்க்கவில்லை.

இந்தக் கேள்வி பழையது. பிரிட்டிஷ் அறிவியல் சங்கம் 1932இல் அமைத்த குழுவில் இயற்பியலாரும் உளவியலாரும் புலனுணர்வை அளக்க முடியுமா என்று வாதிட்டார்கள். 1940 வரை உடன்பாடு வரவில்லை. கூட்டலைப் பொருளில் காட்டு என்றார் நார்மன் கேம்ப்பெல். 1946இல் ஸ்டீவன்ஸ் வரையறையையே தளர்த்தினார்: விதிப்படி எண் இடுவதெல்லாம் அளவை. ஆனால் பெயர், வரிசை, இடைவெளி, விகிதம் என்று நான்கு படிகளையும் வகுத்தார். உளவியல் அவருடைய தளர்வை எடுத்துக்கொண்டது, எச்சரிக்கையை விட்டுவிட்டது. வரிசை மட்டுமே தெரிந்த இடத்தில் வகுத்தலும் சதவீதமும் நடக்கின்றன.

'மனசை அளக்கவே முடியாது' என்று கைகழுவவும் நான் தயாரில்லை. பொருளை ஒட்டவைக்காமலே அளவை சாத்தியம் என்று 1964இல் லூசும் டூக்கியும் நிறுவினார்கள். கணக்கின் கடினமும் பிள்ளையின் திறனும் சேர்ந்து தரும் விளைவுகளின் வரிசை சில நிபந்தனைகளுக்கு உட்பட்டால் அளவு உண்டு, மீறினால் இல்லை. அதாவது இது சோதித்துப் பார்க்கவேண்டிய விஷயம். அந்தச் சோதனையைச் செய்யாமலே அளவு இருப்பதாக உளவியல் பாவித்துக்கொண்டது என்பதுதான் ஜோயல் மிஷல் வைத்த குற்றச்சாட்டு.

எண் வேண்டாம் என்றால் அக்கா ஒவ்வொரு அதிகாரியின் தயவுக்கும் காத்துநிற்க வேண்டியிருக்கும். ஆகவே கோடு இருக்கட்டும். ஆனால் 69க்கு 50, 70க்கு 25 என்பது பையனுக்குள் கண்டெடுத்த அளவு அல்ல, மேசையில் எடுத்த முடிவு. அளவு என்று சொன்னால் வாய் அடைக்கப்படுகிறது; முடிவு என்றால் மேல்முறையீடு செய்யலாம், வாதாடலாம். அக்கா கேட்டது அளவைக் கோட்பாட்டின் கேள்விதான்: யாரு போட்டா?